டான்பி ஊதி ஆற்றிய பாசி சூப்

மழலையர் மனமறிந்த மாண்பே! சொல் வராத பிள்ளைகளின் சொல்லையும் செவிமடுத்த செல்வமே! மோக்போ குழந்தை வளர்ச்சி நிலையத்தின் மூத்த மருத்துவர் நாம்குங் ஓக்ரான் அவர்களே!

'ஆண்பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான்' என்று வீட்டார் மூடி வைத்த இடத்தில் ஆட்டிசத்தை அன்போடு எடுத்துச் சொன்னீர்கள். நடையும் பேச்சும் பிந்திய பிள்ளைகளுக்கெல்லாம் அதே பெயரைச் சூட்ட நாங்கள் அவசரப்பட்டபோது கையைப் பிடித்துத் தடுத்தீர்கள். பெயர் பிசகினால் பயிற்சி பிசகும், பிள்ளையின் பொன்னான பருவம் போய்விடும் என்பதே உங்கள் ஓயாத கவலை.

டான்பியை மறப்போமா! கடற்பாசி வளர்க்கும் தீவிலிருந்து படகேறி வந்த மூன்று வயதுச் சிறுமி; ஒரு சொல்லும் பேசாதவள். விளையாட்டுச் சோதனையில் பொம்மைக்குப் பிறந்தநாள் என்று மண் கேக்கும் மெழுகுவத்தியும் வைத்தோம். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. ஆட்டிசம் என்றெழுத இளம் மருத்துவர் கிஜுன் பேனாவைத் திறந்தார். தாய் மிசோனின் முகம் வெளுத்தது.

"ஏம்ப்பா கிஜுன், உன் பிறந்தநாள் காலையில உங்கம்மா என்ன குடுப்பாங்க?" என்றீர்கள்.

"பாசி சூப்புதான், டாக்டர். பிறந்தநாள்னா இங்க எல்லா வீட்டுலயும் அதானே!"

"உனக்கு சூப்பு, பொம்மைக்கு மட்டும் கேக்கா? அவ தீவுல கேக்குக் கடையே கிடையாதுப்பா!"

வெறுங்கிண்ணமும் கரண்டியும் வைத்தீர்கள். கிண்ணத்தில் இல்லாத சூப்பை டான்பி அள்ளினாள். ஃபூ என்று ஊதினாள். பொம்மைக்கு ஊட்டிவிட்டு, தாயின் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள்!

"வீட்டுல அவங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஊதித் தருவா, டாக்டரம்மா. எச்சிலும் சேர்த்து!" என்று மிசோன் அழுதுகொண்டே சிரித்தார்.

அந்த ஓர் ஊதலை வைத்தே நீங்கள் தீர்ப்பெழுதிவிடவில்லை. காதைச் சோதித்தீர்கள், கடல் கடந்து அவள் வீட்டுக்கே போய்ப் பார்த்தீர்கள். அதன் பிறகே, இது ஆட்டிசம் அன்று, வளர்ச்சித் தாமதம் என்று உறுதி சொல்லி, அதற்குரிய பயிற்சியைத் தொடங்கினீர்கள். அன்று மூடிய பேனாவை கிஜுன் இன்றும் பார்த்துப் பார்த்துத்தான் திறக்கிறார்!

பண்பின் பெட்டகமே! காலைதோறும் கடற்காற்று உங்கள் முழங்கால் வலியைக் களவாடிப் போகட்டும்! பல்லாண்டுப் பிறந்தநாள் காலைகளில் உங்கள் முன் பாசி சூப் ஆவி பறக்கட்டும்!

இந்தப் பாராட்டு மடலை இத்துடன் முடிக்கிறோம். விழா அரங்கின் முன்வரிசையில் பள்ளிச் சீருடையோடு ஒருத்தி கிண்ணத்தை ஏந்திக் காத்திருக்கிறாள். இன்று உங்கள் பிறந்தநாள் இல்லையென்று சொன்னாலும் கேட்கவில்லை.

"சூடா இருக்கு, டாக்டரம்மா. இருங்க, நான் ஊதித் தரேன்" என்கிறாள், வாய் நிறைய.

உங்கள் அன்பில் வளர்ந்த
நிலையப் பணியாளர்கள்,
மோக்போ