பங்காளியின் கை

கோமுகி அணைக் கெளுத்தி முதல் கல்வராயன் மலைக் குரங்கு வரை, முதுகெலும்புடைய அத்தனை உயிர்க்கும் முறையாக உறவு சொன்ன முதுபேராசானே! தலைமுடியைத் துறந்தும் தம் வகுப்பைத் துறவாத தகைமையாளரே! விலங்கியல் ஆசிரியர் அரங்கநாதனாரே! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில் உடன் பணியாற்றிய நாங்கள் உவந்து வாசிக்கும் மடல் இது. தங்களை எதிரே அமர்த்திக்கொண்டு "அவர்" என்று பேசுவதைப் பொறுத்தருள வேண்டும். அவையில் பலருக்குக் கதை தெரியாது.

அவருடைய அலமாரியில் மீன், தவளை, ஓணான், காகம், வௌவால் என வரிசையாக எலும்புகள் இருக்கும். அவற்றைப் பதப்படுத்தும் நாட்களில் ஆசிரியர் அறையில் சோற்று மூட்டையைத் திறக்க முடியாது. மேல்கைக்கு ஓர் எலும்பு, முன்கைக்கு இரண்டு, பிறகு மணிக்கட்டு, விரல். மீனுக்கு அது இன்னும் துடுப்புதான், தவளைக்கு முன்கையின் இரண்டும் ஒட்டிக்கொண்டன, காகத்துக்கு விரல்கள் குறைந்தன, வௌவாலுக்கோ அவை குடைக்கம்பியாக நீண்டன. ஆனாலும் கை ஒன்றே என்பார். சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துச் சுருட்டை முடியை ஒருமுறை வாரிக்கொள்வார். அந்த முடியில் அவருக்கு இருந்த பெருமை ஊரறிந்தது.

எண்பத்தேழில் வந்தது சோதனை. வரிசையில் குரங்கின் கை இல்லை, அடுத்த ஆய்வுக்குள் சேர்க்காவிட்டால் விலங்கியல் பிரிவையே எடுத்துவிடுவோம் என்று மேலிடத்தார் சொல்லிவிட்டார்கள். அப்படி நடந்தால் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்குப் போக்கிடம் ஏது? சென்னைக்கு எழுதிக் குரங்குக் கை எலும்பு ஒன்றை அனுப்பச் சொன்னார். அந்த வாரம்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் மூண்டு, சாலையெங்கும் மரங்கள் சாய்ந்து, லாரிகள் வழியிலேயே நின்றன. ஆசிரியர் அறையில் நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து தொண்டை வறளச் சண்டையிட்டுக்கொண்டிருந்தோம். அவர் இரண்டு கட்சியிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: குரங்கு எங்கே கிடைக்கும்?

கச்சிராயபாளையம் பக்கம் ஓர் ஊரில், மின்கம்பியில் அடிபட்டுச் செத்த குரங்கை முந்தைய ஆண்டு புதைத்திருந்தார்கள். பஸ் இல்லை. எலும்புப் பையோடு, சாய்ந்த புளியமரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே போனார். முன்நின்று புதைத்தவர் கரும்பு வெட்டும் காசியம்மாள். கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மேளம் வச்சி, மாலை போட்டுப் பொதச்ச சாமிங்க. தோண்டறதுக்கு நீங்க இன்னா ஒறவு அவருக்கு?"

அரங்கநாதனார் எலும்புகளை வாசலில் பரப்பி, கடைசியில் தம் கையையே வைத்தார்.

"கொரங்கு நமக்குத் தாத்தான்னு சொல்றது தப்பும்மா. தாத்தா வேற ஒருத்தரு. அவரு வழியில ஒரு கெளை அது, ஒரு கெளை நாம. பங்காளி முறை ஆவுது."

காசியம்மாள் தம் முழங்கையை அழுத்திப் பார்த்துக்கொண்டார். "அப்ப கெளுத்தி?"

"ரொம்ப தூரத்துப் பங்காளி."

"நேத்துகூட கொழம்பு வச்சனே."

"கொழம்பு வேற, ஒறவு வேறம்மா."

காசியம்மாள் அவருடைய சுருட்டை முடியைப் பார்த்தார். "கருமாதிக்கு மொட்ட போட ஒரு பங்காளி இல்லாமப் போச்சேன்னு எனக்கு மனசு ஆறல. நீங்க போட்டுக்கினு வாங்க. கைய மட்டும் எடுத்துக்குங்க. நீங்க வாத்தியார் வேலை முடிஞ்சி போறப்ப திருப்பிக் குடுத்துடணும்."

திங்கட்கிழமை ஆய்வுக்கு எங்கள் சுருட்டைமுடிக்காரர் பளபளக்கும் மொட்டையோடு வந்து நின்றார். பதறிப் போனோம். அதிகாரியும் ஆய்வை மறந்து, "யார் இறந்தது?" என்று துக்கம் விசாரித்தார்.

"பங்காளி சார்" என்றவர் மேசை மேலிருந்த குரங்கின் கையைக் காட்டினார். அதிகாரி தம் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிரிவு பிழைத்தது.

கொடுத்த வாக்குப்படி நேற்று அந்தக் கையைப் புதுத்துணியில் சுற்றி எடுத்துப் போனார். நாங்களும் டவுன் பஸ்ஸில் கூடவே போனோம். வரிசை அறுந்துவிடுமே என்று அவர் வழியெல்லாம் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தார். காசியம்மாள் பொட்டலத்தை வாங்கவே இல்லை.

"அடுத்து வர்ற வாத்தியாரு பங்காளி இல்லீங்களா?" என்று கேட்டார்.

அவருடைய இடத்துக்கு வரப்போகும் வெங்கடேசனை எல்லோரும் பார்த்தோம். அடுத்த மாதம் அவருக்குத் திருமணம். பத்திரிகைகூட அச்சாகிவிட்டது. அரங்கநாதனார் சட்டைப்பையிலிருந்து தம் சீப்பை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"வளந்துடும்ப்பா" என்றார்.

ஆகவே அவையோரே, மேடையோரத்தில் மொட்டைத் தலையோடு நிற்கும் இளைஞரிடம் யாரும் துக்கம் விசாரிக்க வேண்டாம். கை அலமாரியிலேயே இருக்கிறது.

ஆசானே, தங்கள் முதுகெலும்பு என்றும் நிமிர்ந்திருக்க, முடி நரைத்தாலும் அடர்ந்திருக்க, இல்லத்தாரோடு நோயின்றி நூறாண்டு வாழ்க! எங்கள் பிள்ளைகளுக்குக் கையைக் காட்டி உறவு சொன்ன தங்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

அன்பும் வணக்கமும் கொண்டு,
பள்ளியின் ஆசிரியர்கள், அலுவலர்கள்,
மற்றும் பங்காளி வெங்கடேசன்.