அக்கரை வெளிச்சம்

இல்ல தம்பி, குறையே இல்ல. நல்லாத்தான் துடைச்சிருக்கீங்க. முப்பது வருஷம் அடுப்படிச் சுவத்துல புகை குடிச்ச படம். அதுல நிலா இருக்குறதே இப்பதான் தெரியுது. ஹால்ல மாட்டலாம்னு எவ்வளவோ சொன்னேன். என் கிறுக்கலை ஊருக்குக் காட்டணுமான்னுட்டா என் வீட்டுக்காரி. அடக்கம்னு நெனச்சேன்.

ஆமா, அவ வரைஞ்சதுதான். ராத்திரி, ஆறு, கட்டிப்போட்ட படகு. என்ன சொன்னீங்க? அக்கரையில எரியுற ஜன்னல் நம்பிக்கையோட அடையாளமா? இருக்கும். நீங்க படிச்சவங்க.

கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்க. அந்த ஜன்னல்ல, மேல் மூலையில, ஒரு சதுரம் பச்சையா இருக்கே... உங்க சாயம் எதுவும் ஒட்டலையே? சரி, சரி. பழசுதான்.

அது நான் போட்ட கண்ணாடி. பந்து பட்டு உடைஞ்சுது, கடையில பச்சைதான் இருந்துச்சு. சிக்னல் மாதிரி இருக்குன்னு அவ ஒரு வாரம் சிரிச்சா. நாலு தெரு சுத்தினாலும் அப்படி ஒரு ஜன்னல் கிடையாது. எங்க வீடு தம்பி அது. ஆத்துக்கு எதிர்க்கரையில உக்காந்து எங்க வீட்டைப் பாத்து வரைஞ்சிருக்கா.

கற்பனையா? அவளா? படகுக் கயித்து முடிச்சைக்கூட நேர்ல போய்ப் பாத்துட்டுதான் வரைவா.

சனிக்கிழமையானா, பக்கத்து ஊர்ல இருக்குற அக்காவுக்கு முடியலைன்னு போவா. எந்நேரம் திரும்புவாளோ, படி தெரியணுமேன்னு விடிய விடிய விளக்கை எரிய விட்டுட்டு உக்காந்திருப்பேன். அங்கேருந்து பாத்தா அதுக்கு வேற அர்த்தம் போல. விளக்கு எரியுது, ஆளு வீட்லதான் இருக்கான், பயமில்ல.

நாளைக்கு மக வர்றா. அம்மா ஞாபகமா அவ வீட்டு ஹால்ல மாட்டணுமாம். அந்த ஜன்னலுக்குக் கீழ உக்காந்து படிச்சு வளந்தவ, பாத்ததும் கண்டுபிடிச்சிருவா. அந்தப் பச்சையை மட்டும் கொஞ்சம் கருப்படிச்சுடுங்களேன். அழுக்கு போகலைன்னு சொல்லிக்கிறேன்.

எதிர்க்கரையிலயா? அந்தக் காலத்துல அங்க ஒரே வீடுதான். என் கூட்டாளியோடது. அவ செத்துப் போனதுலேருந்து தினம் வந்து எனக்குத் துணைக்கு உக்காருவான். இந்தப் படத்தைத் துடைக்கக் குடுக்காத, பழசு பழசாவே இருக்கட்டும்னுகூடச் சொல்லிப் பாத்தான்.

காகிதம் சுத்தியே குடுங்க தம்பி. இந்த முட்டியோட என்னால இதைத் தூக்கிட்டுப் படி இறங்க முடியாது. கீழ வண்டியில உக்காந்திருக்கானே, அவனைத்தான் கூப்பிடணும்.