கைதட்டிப் பொட்டல்

முந்தி முந்தி ஒரு காலத்துல உடங்காட்டுப்பட்டின்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இருந்துச்சாம் என்ன, இப்பவும் இருக்கு. அதுல உக்காந்துதான் நான் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆனா அப்ப ரோடு கிடையாது, கரண்டு கிடையாது, தண்ணியும் கிடையாது. தண்ணி இல்லாததுனாலதான் இந்தக் கதையே வந்துச்சு.

வருசக்கணக்கா மழை இல்லையாம். ஊரு கூடி கிழக்க ஒரு கிணறு வெட்டுனாகளாம். ஆம்பளைக உள்ள இறங்கி வெட்ட, பொம்பளைக கூடையில மண்ணு சுமக்க, அப்படி நடந்துச்சாம் வேலை. அதுல வீரணன்னு ஒருத்தன். அவன் பொண்டாட்டி சீனியம்மா. கல்யாணம் முடிஞ்ச புதுசு. வாய் ஓயாம பேசுவாளாம். மாமியாக்காரி ஒச்சம்மா, "இவ வாய்க்கே கிணத்துல தண்ணி ஊறிரும்"பாளாம்.

ஒருநா மத்தியானம் கஞ்சிக்கு நேரமாச்சுன்னு எல்லாரும் மேல ஏறிட்டாக. கடைசிக் கூடையை நெரப்பிட்டு வாரேன்னு சீனியம்மா மட்டும் உள்ள நின்னாளாம். அப்பப் பாத்து ஒரு பக்கத்துக் கரிசல் மண்ணு மொத்தமா சரிஞ்சு விழுந்துருச்சாம். கத்தக்கூட நேரமில்லையாம். பாத்தா கூடையக் காணோம், ஆளையும் காணோம்.

வீரணன் கயித்தப் புடிச்சு இறங்குனான். கூட்டாளிக ரெண்டு பேரும் இறங்குனாக. காதை மண்ணுல வச்சுக் கேட்டா, டொக்கு, டொக்குன்னு ஒரு சத்தம். உசுரு இருக்கு! உள்ள ஒரு பாறை துருத்திக்கிட்டு இருந்துச்சாம். அதுக்கு அடியில ஒடுங்கிக்கிட்டு, கல்ல வச்சுத் தட்டுறா சீனியம்மா.

"தட்டுறா! எம் பொண்டாட்டி தட்டுறா!"ன்னு வீரணன் அங்கிருந்து கத்துனானாம்.

அம்புட்டுதான். ஊரே கிணத்துக்கிட்ட வந்துருச்சு. எங்க ஊரு ஆளுகளப் பத்தி நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்லுவேன். பாசக்காரவுகதான். ஆனா பாசம் வந்தா எட்டி நின்னு அழத் தெரியாது. எல்லாரும் கிணத்து விளிம்புல நின்னு எட்டிப் பாக்காக. பின்னால நிக்கிறவன் "என்னாச்சு, என்னாச்சு"ன்னு முன்னால நெருக்குறான். நெருக்க நெருக்க மண்ணு பொலபொலன்னு உள்ள விழுது. வீரணன் ஒரு கூடை அள்ளுனா மேல இருந்து ஒன்றரைக் கூடை கொட்டுதாம்.

"யய்யா, தள்ளிப் போங்கய்யா! மண்ணு சரியுது! சத்தம் போடாதீக, அவ எங்கிட்டுத் தட்டுறான்னே கேக்கல!"ன்னு கெஞ்சுறான்.

நாட்டாமை கம்ப ஓங்கிக்கிட்டு, "தள்ளுங்கடா, தள்ளுங்கடா"ன்னாராம். உடனே எல்லாரும் பக்கத்துல நிக்கிறவனப் பாத்து "தள்ளுடா, தள்ளுடா"ன்னாகளாம். ஒருத்தராச்சும் தான் தள்ளுனாகளா? ம்ஹூம். அடுத்தவனுக்குச் சொன்னதாத்தான் எல்லாரும் நெனச்சிருக்காக. ஒச்சம்மா மட்டும் வயித்துல அடிச்சுக்கிட்டு, "எம் மருமகள நீங்களே மூடிருவீக போலயே"ன்னு அழுதாளாம்.

அந்த நேரத்துலதான் அலியாரு வாராரு.

அலியாரு யாரு? ஊரூராப் போயி மோடி வித்தை, அதான் கண்கட்டு வித்தை, காட்டுறவரு. ஒத்தை நாடி உடம்பு, ஒரு கழுதை, கழுதை மேல கயித்தால பல முடிச்சுப் போட்டுக் கட்டுன ஒரு பெட்டி, தோள்ல ஒரு சின்ன மேளம். சந்தைக்குப் போற வழியில கூட்டத்தப் பாத்து நின்னாராம். எல்லாரும் கிணத்தப் பாக்க, அவரு கூட்டத்தோட காலப் பாத்தாராம். கூட்டந்தான அவருக்குப் பொழப்பு? அந்தக் கால்களால என்ன நடக்குதுன்னு அவருக்கு வெளங்கிருச்சு. தள்ளுங்கன்னு சொன்னா ஒருத்தனும் தள்ள மாட்டான்னும் தெரியும்.

என்ன செஞ்சாரு தெரியுமா? பேசாம அந்தப் பக்கம் போனாரு. பனைமரத்துக்கு அங்கிட்டு ஒரு வெறும் பொட்டல். அதுல பெட்டிய இறக்கி வச்சாரு. சாம்பலால வட்டமா ஒரு கோடு போட்டாரு. சனத்துக்கு முதுகக் காட்டி உக்காந்துக்கிட்டு, பெட்டிக்கிட்ட பேச ஆரம்பிச்சாரு.

"அடியே நாகரத்தினம்! கீரிப்பிள்ளையோட சண்டைக்குப் போகாதன்னு சொன்னேனா இல்லையா? இன்னைக்கு நீயா அவனான்னு பாத்துருவமா?"

டண்டணக்குன்னு ஒரு தட்டு மேளத்துல.

கிணத்து ஓரத்துல கடைசியா நின்னவுக திரும்பிப் பாத்தாக. ஒச்சம்மாவும் பாத்தா. பாத்ததும் வந்துச்சே அவளுக்கு ஆத்திரம்! "அடப்பாவி! இங்க ஒரு உசுரு மண்ணுக்குள்ள கிடக்கு, உனக்கு வித்தையா கேக்குது? உங் கையி வெளங்குமா? உங் குடி வெளங்குமா?"ன்னு மண்ண வாரித் தூத்துனாளாம். 

"அவனப் புடிங்கடா"ன்னு பத்துப் பேரு ஓடுனான். பத்துப் பேரு ஓடுனா என்னாகும்? அடி விழப்போகுதுன்னு பாக்க நூறு பேரு பின்னால ஓடுனாகளாம்.

முதல்ல போனவன் ஒரு மண்ணாங்கட்டிய எடுத்து விட்டெறிஞ்சான். அலியாரு எந்திரிக்கக்கூட இல்ல. உக்காந்த வாக்குலயே அதப் புடிச்சாரு. உள்ளங்கையில வச்சு நசுக்குனாரு. கையத் தொறந்தா, மஞ்சமஞ்சேர்னு ஒரு எலுமிச்சம்பழம்.

ஓங்குன கை ஓங்குனபடி நின்னுருச்சாம்.

"கோட்டுக்கு அங்கிட்டே நில்லுங்க சாமி"ன்னாரு அலியாரு. மெதுவாத்தான் சொன்னாரு. மெதுவாச் சொன்னாத்தான பின்னால நிக்கிறவன் வாய மூடிக்கிட்டு முன்னால வருவான்? "கோட்டத் தாண்டி உள்ள வந்தாலும் ரத்தம் கக்குவீக, வித்தை முடியுமுன்ன நின்ன எடத்த விட்டுப் போனாலும் ரத்தம் கக்குவீக. பெட்டி தொறக்கப் போகுது, கண்ணச் சிமிட்டாதீக. இன்னொண்ணு, யாரும் கைதட்டக் கூடாது. தட்டுனா கீரிப்பிள்ளை மிரண்டுரும்."

கேட்டீகளா? வித்தைக்காரனுக்குக் கைதட்டுதான் சோறு. அது விழுந்தாத்தான் கூட்டம் சேரும், துண்டுல நாலு காசு விழும். அத வேண்டாம்னு சொன்ன வித்தைக்காரன் உலகத்துல அவரு ஒருத்தராத்தான் இருப்பாரு.

இங்கிட்டு கிணத்துல பாருங்க. விளிம்பு காலியாயிருச்சு. மண்ணு விழுகுறது நின்னுருச்சு, கைதட்டுச் சத்தமும் இல்ல. வீரணன் காதை வச்சான். டொக்கு, டொக்கு. "தெக்குப் பக்கம்டா! தெக்குப் பக்கம் தட்டுறா!"ன்னான். தோண்டுறாக, தோண்டுறாக. ஒச்சம்மா தனியா மேல நின்னுக்கிட்டு வெறும் விளிம்பப் பாத்தா. பொட்டலப் பாத்தா. திரும்ப விளிம்பப் பாத்தா. அப்பத்தான் அவளுக்கு உறைச்சுதாம். இப்பத்தான வாய்க்கு வந்ததெல்லாம் ஏசுனோம்னு முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு, அந்தத் திசையப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாளாம். கிட்டப் போகல. போயி ஒரு வார்த்தை சொன்னா வெசயம் வெளிய தெரிஞ்சு கூட்டம் திரும்பிரும்னு அவளுக்குப் பயம்.

அலியாரு எலுமிச்சம்பழத்த முட்டையாக்குனாரு. முட்டைய மறைச்சு நாட்டாமை மீசையில இருந்து எடுத்தாரு. தன் வாயில இருந்து நூலா இழுத்தாரு, இழுக்க இழுக்க வருது. வெயிலு சுட்டுப் பொசுக்குது. தொண்டை கம்மிருச்சு. ஒரு வாய்த் தண்ணி கேக்கலாம்னா, தண்ணி எடுக்க ஒருத்தன் போனா அவன் பின்னால நாலு பேரு போவான். கேக்கவே இல்லையாம்.

கூட்டத்துல ஒருத்தனுக்கு மனசு உறுத்துச்சு. "ஏலே, அங்க ஒரு புள்ள கிடக்கா. நாம இங்க பல்லக் காட்டிக்கிட்டு நிக்கோம். வாங்கலே போவோம்"ன்னான். நாலஞ்சு பேரு திரும்பிட்டாக.

அலியாரு சட்டுன்னு பெட்டிக் கயித்துல ஒரு முடிச்ச அவுத்தாரு. "பெட்டி தொறக்கப் போகுது, கண்ணச் சிமிட்டாதீக!" திரும்புனவன் நின்னுட்டான். இந்தா சண்டை வரப்போகுதுல்ல?

வரல. அவரு வேற வித்தைக்குப் போயிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் நாலு பேரு நகர்றான். மறுபடியும் ஒரு முடிச்சு. "பெட்டி தொறக்கப் போகுது, கண்ணச் சிமிட்டாதீக!" இப்படியே பொழுது சாயிற வரைக்கும் இழுத்தாராம். தெரிஞ்ச வித்தையெல்லாம் தீந்துபோச்சு. செஞ்ச வித்தையவே திருப்பிச் செஞ்சாரு. முடிச்சும் தீந்துபோச்சு. கடைசி முடிச்சு அவுந்து கயிறு கீழ விழுந்துருச்சு.

"தொறடா பெட்டிய!"ன்னு கூட்டம் கத்துது. "சண்டை எங்கடா? தொறக்கல, உன்னத் தொலைச்சிருவோம்!"

அலியாரு மூடி மேல ரெண்டு கையையும் வச்சாரு. தொறந்தா வித்தை முடிஞ்சுது, கூட்டம் கிணத்துக்குப் போயிரும். தொறக்கலைன்னா அவரு எலும்பு மிஞ்சாது. கண்ண மூடிக்கிட்டு என்னமோ முணுமுணுத்தாராம். மந்திரம்னு நெனச்சு எல்லாரும் வாயடைச்சு நின்னாகளாம். மந்திரமா அது? அவரு அல்லாவக் கூப்பிட்டிருக்காரு.

அப்ப கேட்டுச்சாம் கிணத்துப் பக்கமிருந்து ஒச்சம்மா குரலு. "வந்துட்டா! எம் மருமக வந்துட்டா!"

பொட்டல் காலி. ஒரு ஈ, காக்கா இல்ல. அம்புட்டுச் சனமும் ஓடிருச்சு. ஓடுன ஓட்டத்துல சாம்பக்கோடு அழிஞ்சு போச்சு. சீனியம்மா மண்ணு மூடுன செலையா வெளிய வந்தாளாம். தண்ணி குடிச்சதும் முத வார்த்தையா, "எங் கூடை எங்க?"ன்னாளாம். சிரிச்சாகளாம், அழுதாகளாம், தூக்கிக்கிட்டு ஆடுனாகளாம். வித்தைக்காரன ஒருத்தரும் நெனைக்கல.

ஒச்சம்மா நெனச்சா. விழுந்தடிச்சுப் பொட்டலுக்கு வந்தா. அலியாரு கயித்தச் சுத்திக்கிட்டு இருந்தாராம்.

"யய்யா, வாயில வந்தபடி ஏசிப்புட்டேனே."

"நீ ஏசுனதுலதான ஆத்தா கூட்டமே வந்துச்சு"ன்னு சிரிச்சாராம் அலியாரு. குரலே வரலையாம், காத்துதான் வந்துச்சாம்.

"பெட்டியில என்னய்யா இருக்கு? நெசமாவே பாம்பா?"

தொறந்து காட்டுனாராம். ஒரு கிழிஞ்ச துண்டும், மத்தியானத்துக்குன்னு வச்ச கேப்பை ரொட்டியும் இருந்துச்சாம். திங்காத ரொட்டி.

ஒச்சம்மாவுக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. "எங்கிட்டக் குடுக்க ஒண்ணுமில்லையே யய்யா. உனக்கு நான் என்னத்தச் செய்வேன்?"

"ஒண்ணும் வேண்டாம் ஆத்தா. இன்னைக்கு இம்புட்டுப் பேரு நின்னும் ஒருத்தரும் கைதட்டல. நான்தான் வேண்டாம்னேன். ஆனாலும் காது தேடுது. நீ ஒருக்கா தட்டிரு, நான் போறேன்."

மண்ணு ஒட்டுன கையோட ஒச்சம்மா தட்டுனாளாம். தனியா, அம்புட்டுப் பெரிய பொட்டல்ல நின்னு, அவரும் கழுதையும் கண்ணுக்கு மறையிற வரைக்கும் தட்டுனாளாம்.

ஊரு ஆளுகளுக்கு வெசயம் வெளங்கி மேளதாளத்தோட ஓடி வந்தப்ப அவரு போயிட்டாரு. சந்தை சந்தையாத் தேடுனாகளாம். அந்தப் பக்கம் அவரு திரும்ப வரவே இல்ல. எங்க போனாரோ, எப்படிச் செத்தாரோ, யாருக்கும் தெரியாது.

அந்தக் கிணத்துல பிறகு தண்ணி வந்துச்சு. சீனியம்மாவுக்கு அஞ்சு பிள்ளைக. அதுல நடுப்பிள்ளையோட பேத்தி மகதான் நான். இந்தத் தெருவுல பாதிப்பேரு அவ வயித்து வழிதான். எங்க வீட்டுல முன்னோருக்குப் படையல் போடுறப்ப அலியாருக்கும் ஒரு இலை உண்டு. அதுல கேப்பை ரொட்டி உண்டு. வேற மதம்தான், வேற ஊருதான், ஒட்டுமில்ல உறவுமில்ல. ஆனா எங்க பாட்டன்மாரு வரிசையில அவரும் ஒரு பாட்டன்.

அந்தப் பொட்டலுக்குக் கைதட்டிப் பொட்டல்னு பேரு. பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளையாகட்டும், பைக்குல போற பெரிய மனுசனாகட்டும், எங்க ஊராளு அதத் தாண்டுறப்ப நின்னு ஒருக்கா கைதட்டிட்டுத்தான் போவாக. வெளியூர்க்காரன் பாத்தா கிறுக்குன்னு நெனப்பான், நெனச்சுட்டுப் போறான். எங்க ஊர்ல ஒரு பிள்ளை பிறந்தா, முதமுதல்ல கைதட்டப் பழக்குறதும் அங்க கொண்டு போயித்தான். எம் மகளையும் அப்படித்தான் மடியில வச்சு, அவ ரெண்டு பிஞ்சுக் கையையும் புடிச்சு, தட்டு தாயி, பாட்டனுக்குத் தட்டுன்னு தட்ட வச்சேன்.