ஐந்து கட்டைச் சுருதி

பன்னீர்செல்வம் அவர்களுக்கு, உங்கள் வசன நாடக மன்றத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு, இசை நாடகம் மற்றக் கதை வகைகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். காபி வாங்கிக் கொடுத்துக் கேட்டீர்கள், மறுக்க முடியுமா? எழுதுகிறேன்.

கதைப் புத்தகத்தில் ஒருவன் சாக ஒரு வரி போதும். சினிமாவில் கண்ணை மூடினால் அடுத்த காட்சியில் மாலை போட்ட படம். உங்கள் வசன நாடகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசிவிட்டு விழுகிறான். எங்கள் ராஜா மட்டும் கால்மணி நேரம் பாடிவிட்டுத்தான் சாவான். "சாகிறவன் எவனாவது பாடுவானா?" என்று மேடைக்கு மேடை கேலி பேசினீர்கள். பாடுவான். நான் பார்த்திருக்கிறேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சுருதியை முடிவு செய்வது ஆர்மோனியக்காரனான நான். நான் எந்தக் கட்டையில் வாசிக்கிறேனோ, அதில்தான் ராஜா வேஷம் கட்டும் ராஜபார்ட் பாட வேண்டும். கட்டை ஏற ஏற, அவன் கத்தித்தான் பாட வேண்டியிருக்கும். சபை நடுவே குறைக்கச் சொல்வது அவனுக்கு மானக்கேடு. பாட்டை முடித்துக் கொடுப்பதும் ஆர்மோனியம்தான்; அதுவரை அவன் நிறுத்தக் கூடாது.

வீரபாகு இருபது வருடம் எங்கள் ராஜபார்ட். பட்டுத் தறியிலும் நாங்கள் பக்கத்துப் பக்கத்துக் குழியில் உட்கார்ந்து நெய்தவர்கள். 1979 ஆடி மாதம் தறியில் இருந்தபடியே சொன்னான். "பாட்டுக்கு ஒரு கும்பிடுப்பா சம்பந்தம். பன்னீர்செல்வத்துகிட்ட சேர்ந்துட்டேன். வசனம்னா பேசிகினே போயிடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வளர்த்த குரல் அது. கடைசியாக ஒரு நாடகம் நடித்துவிட்டுப் போ என்றேன்.

ஆரணி நெசவாளிகளுக்கு அமாவாசை விடுமுறை என்பதால் பகலிலேயே நாடகம். அவன் வேஷம் போட்டுக்கொண்டிருக்கும்போது, மனைவி கெங்கம்மாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, அவருக்கு இருதயம் வீங்கியிருக்குதாம். கத்திப் பாடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. அதான் வசனத்துக்குப் போறாரு. உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுகினு இருக்காரு. சுருதியைக் கம்மியா வெச்சிக்கோங்க."

சரி தங்கச்சி என்றேன். ஆக, அவன் கட்சி மாறவில்லை. உடம்பு முடியாமல் போகிறான். அதைக் கேட்டதும் என் கோபம் குறைந்திருக்க வேண்டும். கூடியது.

இரண்டு மணி நேரம் இரண்டு கட்டையில்தான் வாசித்தேன். நாடு இழந்த ராஜா, பிள்ளையின் பிணத்தை மடியில் போட்டுப் புலம்பும் கட்டம் வந்தது. ஐந்து கட்டைக்கு ஏற்றினேன். அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு எட்டிப் பிடித்தான், மானஸ்தன். கூட்டம் எழுந்து கை தட்டியது. அடி முடிந்ததும் அதே அடியைத் திரும்ப எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன். ஆறாம் முறை அவன் உதடு கறுத்திருந்தது. கெங்கம்மாள் "அண்ணா" என்று கூப்பிட்டது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாரடைப்பை வாசித்தது நான். இதைப் போலீசில் காட்டுங்கள். எந்தக் கட்டையில் வாசித்தால் குற்றம் என்று சட்டத்தில் தேடிப் பார்க்கட்டும். "மேடையிலேயே உயிர்விட்ட மகா கலைஞன்" என்று இரங்கல் கூட்டத்தில் நீங்களே பேசினீர்கள். உங்களிடம் வந்திருந்தால் அந்தப் பெயர் அவனுக்குக் கிடைத்திருக்குமா? நான் வருத்தப்படவில்லை.

ஒன்றை மட்டும் விடாமல் மலரில் போடுங்கள். கடைசியாக அவன் பாடிய அடி நாடகத்தில் இல்லாதது. "போதும் சம்பந்தா, விட்டுவிடு" என்று அதே ராகத்தில், தாளம் தப்பாமல் பாடினான். சபை புதுச் சரணம் என்று சொக்கிப்போனது. நான் அதையும் வாங்கி வாசித்து, மறுபடி எடுத்துக் கொடுத்தேன். உங்கள் நாடகத்தைப் போல அவன் அதைப் பேச்சாகச் சொல்லியிருந்தால், சத்தியமாக நிறுத்தியிருப்பேன்.