மதினி, பயப்படாத

இல்லண்ணே, கேட்டத் தொறந்ததும் உள்ள போயிருறேன். அதுவரைக்கும் இப்பிடி ஓரமா நின்டுக்கிறேன். வாட்ச்மேன் அண்ணே, ஒங்க பக்கத்துல நின்டா ஒரு தெம்பு.

புள்ளைக்கு இல்லண்ணே, பரிச்ச எனக்குத்தேன். எட்டாவது, பிரைவேட்டா எழுதுறேன். சிரிங்க, பரவால்ல. எம்மகனே ரெண்டாவது படிக்கிறான். கப்பலூர்ல ஒரு கம்பெனில பேக்கிங் வேல இருக்கு, எட்டாவது பாஸானாத்தேன் சேப்பாகளாம். மத்த பாடமெல்லாம் தேறிட்டேன். கணக்குதேன் இழுக்குது. இது மூணாவது தடவ.

கணக்கு வராம இல்லண்ணே. அடுப்புகிட்ட உக்காந்தா மடமடன்டு போட்டுருவேன். எங்க வீட்டு ஆளுகதேன்... ரொம்பப் பாசம். மொதத் தடவ எழுமலைலருந்து குட்டி யானை வண்டி புடிச்சு, தெருவையே ஏத்திக்கிட்டு வந்துட்டாக. நான் உள்ள, அவுக காம்பவுண்டுக்கு வெளிய. எங்கொழுந்தன் விருமாண்டி மரத்துல ஏறி, சன்னலப் பாத்து, மதினி, பயப்படாதன்டு ஒரு கத்து. அதுவரைக்கும் எனக்குப் பயமே இல்லண்ணே. அப்பத்தேன் புடிச்சுச்சு.

அடுத்த தடவ பிளக்ஸ் வச்சுட்டாக. வெற்றி வாகை சூடப்போகும் எங்கள் வீட்டு மருமகளேன்டு. நாப்பது பேரு மூஞ்சி பெருசு பெருசா. எம்மூஞ்சி மட்டும் மூலையில, அதுவும் ஆதார் கார்டு போட்டா. எங்க மாமியா, நான் பாஸானா மொட்ட போடுறதா வேண்டிக்கிட்டாக. கேள்வித்தாளப் பாத்தா ஒரு கணக்கும் தெரியல, மாமியா மொட்டத் தலதேன் தெரியுது.

பெயிலுதேன். ஒருத்தரும் ஒரு வார்த்த திட்டலண்ணே, அதான் கொடும. எழவு கேக்க வந்த மாதிரி வரிசையா வந்து எங்கையப் புடிச்சு அழுதாக. நாந்தேன் எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுத்தேன். பிளக்ஸ மாட்டுக் கொட்டாய்க்கு மேல போட்டுட்டாக. தெனம் எம்மூஞ்சிக்குக் கீழ உக்காந்துதேன் பால் கறக்குறேன்.

மணி அடிச்சுட்டாகளா? இன்னும் இல்லயா. சரி.

அய்ய, நான் இம்புட்டுப் பேசுற ஆளே இல்லண்ணே. வீட்ல உப்பு வேணும்னாக்கூட கையத்தேன் காட்டுவேன். இன்னைக்கு வாய் நிக்க மாட்டேங்குது. ஹால் டிக்கெட்டப் பத்து தடவ எடுத்துப் பாத்துட்டேன். போன தடவகூட இம்புட்டு இல்ல.

ஆளுகளா? வந்துருக்காகண்ணே, வராம இருப்பாகளா. இந்தத் தடவ கொட்டுக்காரகளையும் கூட்டியாந்துருக்காக. என்ன, சோழவந்தான்ல ஒரு பள்ளிக்கூடத்து வாசல்ல நிக்கிறாக. சென்டர் அங்கனன்டு நாந்தேன் சொன்னேன். முன்னாடி பஸ்ல போறேன், பின்னாடியே வாங்கன்டு சொல்லிட்டு, திருமங்கலம் பஸ் ஏறி இங்க வந்துட்டேன். போனையும் அமத்திட்டேன். இந்நேரம் யாரு பெத்த புள்ளையவோ பாத்து விருமாண்டி கத்திக்கிட்டு இருப்பான்.

மணி அடிச்சுட்டாக. அண்ணே... காலு நகர மாட்டேங்குதுண்ணே.

ஒரு ஒதவி, கேக்கக் கூச்சமா இருக்கு. நான் உள்ள போய் உக்காந்ததும் அந்த மரத்துகிட்ட நின்டு, ஏறெல்லாம் வேணாம், கீழ நின்டாப் போதும், பயப்படாதன்டு ஒருக்காக் கத்துறீகளா? தங்கச்சின்டு கத்திராதீக. மதினின்டே கத்துங்க.