ஈரக்குரல்

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். நாற்பத்தெட்டு வயதில் எழுதப் பழகியவனுக்கு அது பெருமைதான். அதனால் உங்கள் விசாரணைக்கு வாயால் பதில் சொல்லாமல் எழுதியே தருகிறேன், ஐயா.

பேச்சு வராத பிள்ளைகளுக்கான இந்தப் பள்ளியில் பெருக்குவது, மேசை தூக்குவது, தேநீர் கொடுப்பது என் வேலை. எழுத்து சொல்லித் தந்தவர் பேச்சுப் பயிற்சி டீச்சர். பிள்ளைகளுக்கு வாய் பழக்குகிறவர், சாப்பாட்டு இடைவேளையில் எனக்குக் கை பழக்கினார். நல்லவர். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அவரைப் போன்றவர்களுக்கு ஆண்டுக்கு நான்கு நாள் பயிற்சி வகுப்பு உண்டு. எங்கள் மாடிக் கூடத்தில் நடக்கும். வராவிட்டால் சான்றிதழைப் புதுப்பிக்க மாட்டார்கள். இந்த முறை மூன்றாம் நாளில் அவர் தாயாருக்குக் கண் அறுவை சிகிச்சை.

"அண்ணே, என் பேருக்கு நேரா ஒரு கையெழுத்து மட்டும். உங்க குண்டெழுத்துல போட்டுறாதீங்க, ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்."

போட்டேன். அச்சு அசல்.

அன்று தேநீர்த் தட்டோடு சுவரோரம் நின்று வகுப்பு முழுவதையும் கேட்டேன். வந்திருந்த மருத்துவர் சொன்னார்: சில பிள்ளைகளுக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போனாலும் இருமல் வராது, பிறகு காய்ச்சல்தான் வரும். குடித்ததும் 'ஆ' சொல்லச் சொல்லுங்கள். குரல் கொப்பளிப்பதுபோல் ஈரமாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

எங்கள் பள்ளியில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். 'ஆ' தவிர வேறெதுவும் சொல்ல வராது. அதனாலேயே வாயாடி என்று கூப்பிடுவோம். டீச்சர் அவளுக்குக் குவளையில் தண்ணீர் குடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்த வாரம், குடித்துவிட்டு என்னைப் பார்த்து 'ஆ' என்றாள். ஈரமாக இருந்தது.

சொன்னேன். சொல்லவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

"டீச்சர், தண்ணி அவளுக்கு ஒத்துக்கல போல."

"ஒரு இருமல் இல்ல, ஒண்ணும் இல்ல. 'அ' போடக் கத்துக்குடுத்தா அண்ணன் டாக்டராவே ஆயிட்டாரே."

பக்கத்திலிருந்த ஆயா சிரித்தார். நானும் சிரித்தேன். வகுப்பில் கேட்டது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. என் ஆயுளில் அப்படி ஒன்று அதுவரை என்னிடம் இருந்ததில்லை.

பிறகு ஐந்து வாரம். தினமும் பதினோரு மணிக்கு, அவளுக்குத் தண்ணீர் பழக்கும் நேரத்தில், டீச்சர் அறை வாசலைப் பெருக்கினேன். பெருக்கிய இடத்தையே பெருக்கினேன். நோட்டில் தேதி போட்டு 'ஈரம்' என்று எழுதினேன். பதினேழு முறை இருக்கிறது, பிழை இல்லாமல். அவள் காய்ச்சலுக்கு வராத நாட்களைத் தனியே குறித்திருக்கிறேன்.

மூன்றாவது காய்ச்சலில் மருத்துவமனைக்குப் போனவள் திரும்பவில்லை. அவள் பையை வாங்க அம்மா வந்தார்.

"ஒரு தடவ இருமியிருந்தாக்கூட தெரிஞ்சிருக்குமே" என்றார்.

பையை எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து வாளியில் துணியை முக்கினால் அந்த 'ஆ' கேட்கிறது. ஈரம் காயும்வரை கேட்கிறது.

டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தெரியாமல் கொடுத்தார். நான் தெரிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 'தண்ணி ஒத்துக்கலன்னு ஏண்ணே சொன்னீங்க' என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த ஐந்து வாரமும் வாசலைவிட்டு நகராமல் நின்றது அதற்காகத்தான்.