பஞ்சு போன வழி

கலைந்து கிடக்கிற படுக்கையைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் எல்லோருடைய போர்வையையும் மடித்து வைத்தேன். மாமனாருடையதை மடிக்கும்போது அவர் அதற்குள்தான் இருந்தார். "மாப்பிள்ளைக்கு ஏதோ கோளாறு போலிருக்கு" என்று மாமியாரிடம் சொன்னாராம். எனக்கு ஒரு கோளாறும் இல்லை. ஸ்டோரில் பஞ்சு ஏன் இப்படிக் குறைகிறது என்றுதானே கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள், அதற்குத்தான் வருகிறேன். தயவுசெய்து மேசைமேல் இருக்கிற கோப்பைகளை மட்டும் ஒரே வரிசையில் வையுங்கள். பேசும்போது கண் அங்கேயே போகிறது.

நான் இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறவன். டாக்டரம்மாவின் ஆராய்ச்சியை அவர் எனக்கு விளக்கிய மாதிரியே சொல்கிறேன். மூளையில் ஒரு புரதம் இருக்கிறது. அது எப்போதாவது தப்பாக மடிந்துவிடும். மடிந்தது தன் பாட்டுக்குக் கிடக்காமல், பக்கத்தில் இருப்பதையும் இழுத்துத் தப்பாக மடித்துவிடும். அதற்குப் பிரியான் என்று பெயர். மூளை முழுக்க ஓட்டை விழுந்து ஆள் போய்ச் சேருகிறவரை நிற்காது. "வந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது. வர்றதுக்கு முன்னாடியே தடுக்கணும்" என்றார். மடிப்பில் கோளாறு என்றதும் எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. படித்தவர்கள் உருப்படியான விஷயத்தைப் பற்றி அக்கறைப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

அவருக்கு அவசரம் இருந்தது. அவருடைய அப்பா அந்த நோயில்தான் போனார். தம்பிக்கும் அது பரம்பரையாக இறங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் தொடங்கவில்லை என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. தம்பி தங்கமான பிள்ளை. அக்காவைப் பார்க்க வந்தால் நேரே எலி அறைக்கு வந்து, "என்னங்கடி, உங்க மருந்து கசக்குதா?" என்று எலிகளை விசாரித்துவிட்டுத்தான் போவார்.

எல்லா எலிகளுக்கும் நோயைக் கொடுத்திருந்தார்கள். இடது அடுக்கு எலிகளுக்கு நீலப் புட்டி, வலது அடுக்குக்கு மஞ்சள் புட்டி. ஒன்றில் தடுப்பு மருந்து, இன்னொன்றில் வெறும் தண்ணீர். எதில் எது என்று முடிகிறவரை யாருக்கும் சொல்லக்கூடாது. நீல அடுக்கு என் பொறுப்பு. மஞ்சள் அடுக்கைப் பார்த்துக்கொண்டவன் ஒரு தூங்குமூஞ்சி, அவனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மாலையில் ஒவ்வொரு கூண்டிலும் கொஞ்சம் பஞ்சு வைப்போம். நல்ல எலி விடிவதற்குள் அதைப் பிய்த்து உருண்டையாகக் கூடு கட்டிவிடும். மூளையில் நோய் ஏறத் தொடங்கினால் அந்த எலிக்கு முதலில் கூடு கட்டத்தான் மறக்கும். டாக்டரம்மா காலையில் வந்து கூட்டைப் பார்த்து மார்க் போடுவார். கட்டாத எலிக்கு ஊசி போட்டு முடித்து, மூளையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

ஒருநாள் என் குண்டு எலி பஞ்சைத் தொடவே இல்லை. அப்படியே மூலையில் கிடந்தது. டாக்டரம்மா வரும் சத்தம் கேட்டது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் கையை விட்டுக் கூட்டைக் கட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்தது. சுற்றுச்சுவர் உயரமாக, உள்ளே மெத்தென்று, வாசலுக்கு ஒரு சின்ன வளைவும் வைத்தேன்.

"இன்னிக்கு குண்டு அசத்திட்டா. அஞ்சுக்கு அஞ்சு" என்றார் டாக்டரம்மா. என் வேலைக்கு யாரும் மார்க் போட்டதே இல்லை.

அப்புறம் மற்ற எலிகளும் ஒவ்வொன்றாக மறந்தன. நானும் ஒவ்வொன்றாகக் கட்டினேன். வாயில்லாப் பிராணிகள்மேல் இரக்கம், வேறொன்றும் இல்லை. தள்ளாடுகிற எலிகளைக் கூட்டுக்குள் படுக்கவைத்துப் பஞ்சைப் போர்த்திவிடுவேன். "தூங்குதும்மா" என்பேன். பாவம், அவரும் நுனிக்காலில் நடந்து போவார். குண்டின் கூடு ஒரு மருத்துவப் பத்திரிகையின் அட்டையில் வந்தது. நான் அதைக் கண்ணாடி போட்டு வீட்டு முன்னறையில் மாட்டினேன்.

"எலி கட்டினதுக்கு நீங்க எதுக்கு இந்தப் பூரிப்புப் பூரிக்கிறீங்க?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். எலிமேல் இருந்த இரக்கத்தால்தான் என்றேன்.

மஞ்சள் அடுக்கு எலிகள் ஒவ்வொன்றாக ஊசிக்குப் போய்க் கூண்டெல்லாம் காலி. முடிவில் நீல அடுக்கு எலிகளின் மூளையையும் பார்க்கவேண்டும் என்றார்கள். என் பிள்ளைகளை ஊசிக்குக் கொடுக்க மனசு வரவில்லை. பக்கத்து அறையில் நோயில்லாத எலிகள் நிறைய இருந்தன. அவற்றின் காதில் அதே மாதிரி அடையாளம் வெட்டி, என் கூண்டுகளில் விட்டேன். என் பிள்ளைகளை டிபன் கேரியரில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். "ஆபீஸ் வேலைய வீட்டுக்குக் கொண்டு வராதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது" என்று என் வீட்டுக்காரி சத்தம் போட்டாள். என் அலமாரியில், ஆளுக்கொரு மெத்தையில், நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தன. ஊசிக்குப் போன எலிகளுக்காக வருத்தம்தான். ஆனால் அவற்றோடு எனக்குப் பழக்கம் இல்லை.

மூளைகள் பளிங்குபோல இருந்தன. ரகசியத்தைப் பிரித்தார்கள். நீலம்தான் மருந்து. எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தம்பி பிழைச்சுட்டான்" என்று அழுதார். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ அதில் கேக்கை ஊட்டிவிட்டார்கள். அழுகிற பெண்ணிடம், வாய் நிறையக் கேக்கோடு, அந்தக் கூடெல்லாம் நான் கட்டியது என்று எப்படிச் சொல்வது? நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது.

தம்பிக்கு நீலப் புட்டி தொடங்கியது. வேறொரு பெரிய மருத்துவமனையில் இப்போது புதிதாக ஒரு சிகிச்சை வந்திருக்கிறது, முதல் அறிகுறி தெரிந்த உடனே போனால் பலன் உண்டு என்று அங்கேயும் அவருக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார் டாக்டரம்மா. அறிகுறியைத் தவறவிடக்கூடாது என்று தம்பியை இந்தக் கட்டடத்து மாடி அறையிலேயே தங்கவைத்தார். "எலிக்குக் கூடு, உனக்குப் படுக்கை. காலையில எழுந்ததும் நீயே ஒழுங்கா மடிச்சு வைக்கணும். நான் வந்து பார்ப்பேன்" என்றார்.

"அக்கா, நான் என்ன எலியா?" என்றார் தம்பி. ஆனாலும் மடித்தார். டாக்டரம்மா வாசலில் நின்று பார்த்து, "அஞ்சுக்கு அஞ்சு" என்பார். இருவரும் சிரிப்பார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

போன மாதம் நான் தண்ணீர் கொண்டுபோனபோது தம்பி கட்டிலில் உட்கார்ந்து போர்வையின் ஒரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இத எப்படிண்ணே மடிக்கிறது?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். மறுநாளும் அதையே கேட்டார். அதற்கப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டார். மாடிப்படியில் டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அன்றிலிருந்து தினமும் நானே நாலு மூலையும் இழுத்துக் கட்டி, போர்வையைக் கத்தி மடிப்பாக மடித்து வைக்கிறேன். தலையணை அமுங்கிப் போயிருக்கும், அதற்குள்தான் உங்கள் பஞ்சு போகிறது. வேறெங்கும் போகவில்லை. தம்பியை நாற்காலியில் உட்காரவைத்துத் தலை வாரிவிடுவேன். அக்கா வந்து பார்த்துப் பூரித்துப் போவார். ஒரு குடும்பத்தின் சந்தோஷத்துக்கு இவ்வளவு பஞ்சு பெரிய செலவா?

அந்த மருத்துவமனைக்காரர்கள் தம்பியின் இடத்தை இன்று மாலைவரைதான் வைத்திருப்பார்களாம். டாக்டரம்மா காலையில் படுக்கையைப் பார்த்தார். "இனிமே அந்த இடம் எதுக்கு? யாராவது உண்மையான நோயாளிக்குக் கொடுக்கட்டும். வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார். நல்ல மனசு அவருக்கு. அஞ்சுக்கு அஞ்சும் கொடுத்தார்.

ஏன் எல்லோரும் ஒரேயடியாக எழுந்துவிட்டீர்கள்? நாற்காலிகளை உள்ளே தள்ளிவிட்டுப் போகலாமே. இப்படி ஓடினால் விழுந்து வைப்பீர்கள். தம்பி நன்றாகத்தான் இருக்கிறார், வேண்டுமானால் மாடிக்குப் போய் அவர் படுக்கையைப் பாருங்கள்.